ஓரங்கட்ட வேண்டாம், உள்ளே போய் நில்லுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் லாரிப் பேட்டைகளிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,



கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நேரம். மலைக்கு மாலை போட்டவர்கள் போக மீதிப் பேர் லோடு எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நாமக்கல் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் என்று அதே சாலையைப் பிடித்துக்கொண்டே போனால் ஜான்சி தாண்டி குவாலியர் வரும். பிறகு தோல்பூர், ஆக்ரா, மதுரா, டெல்லி, பானிபட், அம்பாலா, லூதியானா. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை அந்தச் சாலைத் துண்டில் நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஸ்டீயரிங் பிடித்தவன் இல்லை. புக்கிங் ஆபீசில் டிரிப் கணக்கு எழுதியவன். தொப்பூர் இறக்கத்தையும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு இறங்குகிறவர்களுக்கு ஆபீஸ்காரன் வண்டி ஓட்டக் கற்றுத்தர முடியாது. எப்போது நிற்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், நின்றால் யார் திட்டுவார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் ஊர்ப் பனி வேறு, அவர்கள் ஊர்ப் பனி வேறு. நம் மார்கழிப் பனி வாசலில் கோலம் காய்வதற்குள் கலைந்துவிடும். ஓசூர்ப் பக்கம் கொஞ்சம் அடம் பிடிக்கும். போகியன்று புகையும் சேர்ந்துகொண்டால் சென்னை விமான நிலையம் காலையில் திணறும். வடக்கே கங்கைச் சமவெளியில் கதையே வேறு. மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சி ஒன்று மழையைத் தூறிவிட்டுப் போகும். அடுத்து வானம் வெளுக்கும், காற்று அசையாது, கோதுமைக்குப் பாய்ச்சிய வயல்கள் ஈரத்தோடு கிடக்கும். இரவில் தரை சூட்டை இழக்க இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் துளிகளாகித் தொங்கும். மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று கவிந்து நிற்பதால் கீழே இருப்பதற்குப் போக வழி இல்லை. வண்டிப் புகை, சூளைப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அதிலேயே தங்கி, அந்தத் துளிகளுக்குக் கருவாகின்றன. பகல் பன்னிரண்டு மணிவரை விலகாத நாட்கள் உண்டு. நாள் முழுக்கச் சூரியன் முகம் காட்டாத நாட்களும் உண்டு.

முழுக்க மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை, உங்கள் கால் தானாகவே ஆக்சிலேட்டரை விட்டு எழும். திட்டுத் திட்டாக வருவதுதான் மோசம். ஐந்து கிலோமீட்டர் தெளிவாக இருக்கும், கால்வாய்ப் பாலத்தை நெருங்கும்போது வெள்ளைத் திரை விழும். சம்பல் பாலம், யமுனைக் கரை, பள்ளமான வயல்வெளி, இங்கெல்லாம் முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. தெளிவான ரோட்டில் பிடித்த வேகத்தோடு திரைக்குள் நுழைபவரைத்தான் உள்ளே நிற்கும் வண்டி வாங்கிக்கொள்கிறது.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனாலே மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கும் கீழே மிக அடர்ந்த மூடுபனி. கேபினில் உட்கார்ந்துகொண்டு 50 மீட்டரை எப்படி அளப்பது? பேட்டையில் தினமும் நீங்கள் பார்ப்பதுதான் அளவுகோல். ஒரு 12 சக்கர வண்டி கிட்டத்தட்ட 11, 12 மீட்டர் நீளம். நாலு வண்டி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நின்றால் 50 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாலு வண்டி நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையென்றால் வானிலைத் துறையிடம் அதைவிட மோசமான பெயர் கிடையாது.

இப்போது வேகத்தைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்கு மாற ஒன்றரை நொடி பிடிக்கும். அதற்குள் 25 மீட்டர் தாண்டியாயிற்று. பிரேக்கே பிடிக்காமல் இரண்டு லாரி நீளம். அதற்குப் பிறகு நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றாலும் லோடு வண்டி நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக 60 மீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ 50. மிச்சப் பத்து மீட்டர் யாருடைய வண்டிக்குள் என்பதுதான் கேள்வி. 40-ல் போனால் கணக்குப்படி 32 மீட்டரில் நிற்கும். ஆனால் இரவெல்லாம் பனி இறங்கி ரோடு நனைந்திருக்கிறது, பின் டயர் பட்டன் தேய்ந்திருக்கிறது, ஏர் பிரேக் பிடிக்கவும் ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்த்தால் 40-ம் இழுபறிதான். நாலு வண்டி நீளம் மட்டுமே தெரியும்போது 30-க்கு மேல் வேண்டாம். இரண்டு வண்டி நீளம்தான் தெரிகிறது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இருக்கவே கூடாது.

யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் சில ஆண்டுகளாக டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வேக வரம்பைக் குறைக்கிறார்கள். கனரக வண்டிக்கு 80-ஐ 60 ஆக்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் போர்டில் 60 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு 60-ல் போகலாம் என்று எடுத்துக்கொண்டால் மேலே போட்ட கணக்கில்தான் போய் நிற்கும். போர்டு எழுதியவருக்கு அன்றைக்கு எத்தனை மீட்டர் தெரியும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடவும் கூடாது. பனியில் ஓட்டுகிறவர் தான் மெதுவாகப் போவதாக நினைத்து வேகத்தைக் கூட்டிவிடுகிறார் என்று 1998-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரொம்ப நாள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் வேறொரு குழு, நிஜப் பனிபோலத் தூரம் கூடக்கூட மங்கும்படி படம் காட்டிச் சோதித்துவிட்டு, இல்லை, வேகம் கூடியதாகத்தான் தோன்றுகிறது, அதனால் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள் என்று எழுதியது. அவர்கள் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு ஆய்விலும் பொதுவாக இருப்பது, பனியில் கண் சொல்லும் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது. ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். மீட்டர் வேலை செய்யாத வண்டியை வடக்கே எடுக்காதீர்கள். மீட்டர் ஓடாத வண்டிகள் எத்தனை என்று பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது விளக்கு. பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்புகிறது, முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மில் போங்கள். ஃபாக் லேம்ப் கீழே, பம்பர் உயரத்தில், அகலமாகவும் தாழ்வாகவும் அடிக்க வேண்டும். அதனால்தான் கம்பெனிக்காரன் அதை அங்கே வைக்கிறான். கேபின் உச்சியில் வரிசையாக எல்.இ.டி. பார் கட்டி வைத்திருக்கிறோமே, அது பனியில் உங்களுக்கும் உதவாது, எதிரே வருகிறவரையும் குருடாக்கும். மஞ்சள் லைட் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று ஆக்சசரீஸ் கடையில் சொல்லுவார்கள். பனித் துளி ஒளியின் அலையைவிடப் பல மடங்கு பெரியது. அந்த அளவுத் துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம். அதற்குமேல் அதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. மஞ்சள் பேப்பர் ஒட்ட வைத்திருக்கும் காசில் புது வைப்பர் பிளேடு வாங்கிப் போடுங்கள்.

நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிட்டுக்கொண்டு ஓட்டுவது அங்கே பெரும்பாலானோருக்குப் பழக்கம். நீங்களும் செய்வீர்கள். பின்னால் வருகிறவருக்கு, மின்னுகிற வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? லேன் மாறும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்றும் தெரியாது. ஓடும்போது டிம், டெயில் லைட், ஃபாக் லேம்ப். நின்றால் ஹசார்டு. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் பின்னால் வருகிறவர் பிழைப்பார்.

முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே போவதும் உண்டு. துணைக்கு ஆள் இருப்பதுபோலத் தெம்பாக இருக்கும். அவர் கண்ணை நம்பி நீங்கள் ஓட்டுகிறீர்கள், உங்கள் கண்ணை நம்பி உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர். முதல் ஆள் நின்ற டிராக்டர் ஒன்றில் முட்டினால் ஏழு வண்டியும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். காலையில் டி.வி.யில் காட்டும் குவியல்களில் பல இப்படி உண்டானவைதான். வழிகாட்டியாக இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள், அது பிரேக் அடிக்காது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பாட்டை நிறுத்திவிடுங்கள். கண் தோற்கும் இடத்தில் காது கொஞ்சம் வேலை செய்யும். முன்பெல்லாம் இடது பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க ஒரு கிளீனர் இருந்தான். இப்போது பல வண்டிகள் ஒற்றை ஆளோடு போகின்றன. இரண்டு கண் குறைந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குறைந்தது முன்கண்ணாடியாவது தெளிவாக இருக்கட்டும்: உள்ளே மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கினால் ஏ.சி. இருக்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பது இந்த வகையிலும் நல்லது. பழைய வண்டிக்காரர்கள் இரண்டு பக்கமும் விரல்கடை அளவு திறந்து வையுங்கள்.

இனி வண்டியின் பின்பக்கம். வடக்கே கிளம்புவதற்கு முன் இறங்கிப் பின்னால் போய் நின்று ஒருமுறை பாருங்கள். டெயில் லைட் கண்ணாடியின் மேல் டீசல் புகையும் சேறும் கலந்து காய்ந்து ஒரு பழுப்புத் தோல் படிந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்கு மட்டும் சிவப்புத் தெரியும். கம்பெனி போட்ட சிவப்பு முழுசும் அந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒளிரும் டேப் விஷயமும் அப்படியே. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று விதி சொல்கிறது. எப்.சி.க்குப் போகும்போது ஒட்டியது, டார்ப்பாய்க் கயிறு உரசிப் பாதி உரிந்திருக்கும். மீதியை டார்ப்பாயே மூடியிருக்கும். பின் டோரில் எழுதிய பெயரும் வரைந்த கண்ணும் பளிச்சென்று இருக்க, டேப் மட்டும் மங்கிக் கிடக்கும். பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி கேபினில் போட்டு வையுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் இறங்கி டெயில் லைட்டையும் டேப்பையும் துடைத்துவிடுங்கள். பின்னால் வருகிற காருக்கு உங்கள் வண்டி இருப்பதைச் சொல்ல அவை மட்டும்தான் இருக்கின்றன. கீழே தொங்கும் தடுப்புக் கம்பி வளைந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தால் நிமிர்த்தச் சொல்லுங்கள். கார் உங்கள் பாடிக்கு அடியில் புகாமல் தடுப்பதற்காகத்தான் அது. கம்பி லோடு பின்னால் நீட்டிக்கொண்டு போவதைச் சட்டம் 2014-லேயே தடை செய்துவிட்டது. பனியில் அந்த நீட்டல் ஈட்டிதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், பனிமூட்டத்தில் நடந்தவை என்று பதிவான விபத்துகள் மட்டும் 34 ஆயிரத்துக்கு மேல். செத்தவர்கள் 14 ஆயிரத்துக்கு மேல். இதில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் மட்டும் இல்லை. நின்றுகொண்டிருந்தவையும் உண்டு. அங்கேதான் என் முக்கியமான பேச்சு வருகிறது.

பனி அடர்ந்தால் நம் கை தானாகச் செய்வது இடது இண்டிகேட்டரைப் போட்டு ஓரங்கட்டுவது. பாதி வண்டி மண்ணில், பாதி வண்டி ரோட்டில். ஹேண்ட் பிரேக் போட்டு, லைட்டை அணைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் என்ன செய்கிறார் என்று நான் மேலே சொன்னேன்: இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நேராக உங்கள் பின் ஆக்சிலுக்கு வருகிறார். அகலமாக ஷோல்டர் விட்ட ரோட்டிலும் இதேதான். அடர்ந்த பனியில் நின்ற வண்டிக்கு ஷோல்டரும் ரோடுதான். ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுப்போவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில் குற்றம். நின்ற லாரியில் மோதிய நஷ்டஈட்டு வழக்குகளில், விளக்கும் அடையாளமும் இல்லாமல் நிறுத்தியவர் தலையிலும் பங்கு விழுவதுண்டு.

அதனால் ஓரங்கட்ட வேண்டாம். உள்ளே போய் நில்லுங்கள். பெட்ரோல் பங்க், தாபா, டோல்கேட்டை ஒட்டிய லாரி நிறுத்தம், சர்வீஸ் ரோட்டிலிருந்து விலகிய காலி இடம், எதுவாகவும் இருக்கட்டும். நாலு டயரோ பதினாறு டயரோ, எல்லாமே தாரை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இடம் தேடிப் பனிக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல், இருட்டுவதற்கு முன்பே அடுத்த இருநூறு கிலோமீட்டரில் எங்கே உள்ளே போகலாம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவைத் தாண்டியவர்கள் தாபாவில் பேச்சுக் கொடுத்தால் முன்னால் எப்படி இருக்கிறது என்று எதிரே வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தியில் கோஹ்ரா, பஞ்சாபில் துந்த் என்று கேட்டால் போதும். வானிலைத் துறை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போடுகிறது. போனில் பார்க்கலாம்.

பனி கெட்டியாகும் நேரம் பெரும்பாலும் பின்னிரவு மூன்று, நான்கு மணியில் தொடங்கி விடிந்து சூரியன் ஏறும்வரை. சூரியன் வந்த முதல் அரைமணியில் இன்னும் கெட்டியாவதும் உண்டு. விடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று சாவியைத் திருகாதீர்கள். உடம்புக்கும் கண் அசரும் நேரம் அதுதான். தூக்கமும் பனியும் ஒரே நேரத்தில் வருகின்றன என்றால் அந்த நேரத்தைத் தூங்குவதற்கே கொடுத்துவிடுவதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பது, பத்துக்கு எழுந்து கிளம்புங்கள்.

படுக்கிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குளிர் நம் ஊர்க்காரர்களுக்குத் தாங்காது என்பது தெரியும். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு, கேபினுக்குள் கரி அடுப்பையோ சின்ன கேஸ் ஸ்டவ்வையோ எரியவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது. தலை கனத்து, தூக்கம்போல மயக்கம் வந்து அப்படியே போய்விடும். வடக்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறைகளிலும் வண்டிகளிலும் இப்படிச் சாகிறார்கள். சமைப்பதென்றால் வெளியே சமையுங்கள். இன்னொரு கம்பளி வாங்குங்கள். லூதியானாவிலும் பானிபட்டிலும் கம்பளிக்கா பஞ்சம்?

பனியில் பிரேக் டவுன் ஆகிவிட்டால் இது எல்லாவற்றையும்விட அவசரம். நம் பழக்கம் என்ன? பெரிய கல்லாக நாலு தூக்கிப் பின்னால் வைப்பது, வேப்பங்கிளையோ கருவேலங்கிளையோ ஒடித்துப் போடுவது, வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவது. பனியில் கல் யாருக்கும் தெரியாது. நீங்கள் போன பிறகு பைக்கில் வருகிற எவனோ ஒருவனைக் கொல்லும். முக்கோண ரிஃப்ளெக்டர் வண்டியில் இருக்க வேண்டும், அதை வண்டியின் பின் டயருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பிரயோஜனம் இல்லை. 50 மீட்டருக்குக் குறையாமல், வேகமான சாலையில் 100 மீட்டருக்கு மேல் பின்னால் வைக்க வேண்டும். வைக்கப் போகும்போது ரோட்டில் நடக்காதீர்கள். தடுப்புக் கம்பிக்கு வெளியே, வருகிற வண்டியைப் பார்த்தபடி, டார்ச்சை ஆட்டிக்கொண்டு நடங்கள். ஹசார்டு, பார்க்கிங் லைட் இரண்டும் எரியட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குப் போட்டால் ரோந்து வண்டியும் இழுவை வண்டியும் கேட்கலாம். உயிர் ஆபத்து என்றால் 112.

சின்ன மோதல் ஆகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்போது இறங்கி ரோட்டில் நின்று யார் மேல் தப்பு என்று பேசுவதுதான் எமனைக் கூப்பிடுவது. 2017 நவம்பர் 8 அன்று பஞ்சாபின் பட்டிண்டாவில் பனிமூட்டத்தில் ஒரு பேருந்து மோதி நின்றது. அதிலிருந்த மாணவர்கள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். முதல் விபத்தில் பிழைத்தவர்கள் அவர்கள். பின்னால் பனிக்குள்ளிருந்து வந்த லாரி ஒன்று அவர்கள் மேல் ஏறியது. பலர் அங்கேயே இறந்தார்கள். அந்த லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எத்தனை மீட்டர் தெரிந்திருக்கும் என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மோதிவிட்டால் முதலில் எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வயலுக்குள். நம்பர் குறிப்பதும் சண்டை போடுவதும் அங்கே நின்றுகொண்டு. கூட்டம் கூடி அடிக்க வந்தால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள். அடிபட்டவருக்கு உதவும் கடமையைச் சொல்லும் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் கோபத்தால் முடியாமல் போகும் நிலைக்கு விலக்குத் தருகிறது.

இவ்வளவும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டுகிறீர்கள், ஏன்? போன் வருகிறது. "எங்க இருக்கீங்க? இன்னுமா ஆக்ரா தாண்டல?" முதலாளி கேட்கிறார், புக்கிங் ஏஜென்ட் கேட்கிறார், சரக்கு வாங்குகிற பார்ட்டி கேட்கிறது. தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் என்கிறார்கள். இ-வே பில் டைம் முடிந்துவிடும், செக்போஸ்டில் பிடித்தால் நீதான் பொறுப்பு என்றும் பயமுறுத்துகிறார்கள்.

இந்தக் கடைசிப் பயத்தைக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் நான் உடைத்துவிடுகிறேன். 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலம் தருகிறது. நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். பன்னிரண்டு நாள் கிடைக்கும். அதில் நீங்கள் பனிக்காகத் தினமும் காலையில் நின்றாலும் காலம் மிச்சம். அப்படியும் முடிகிறது என்றால், முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து எட்டு மணி நேரம் வரை டிரான்ஸ்போர்ட்காரர் கம்ப்யூட்டரில் காரணம் போட்டு நீட்டிக்கலாம். ஆபீசில் உட்கார்ந்து செய்யும் ஐந்து நிமிட வேலை. அரசாங்கம் உங்களை விரட்டவில்லை. போன்தான் விரட்டுகிறது.

நான் எழுதிய டிரிப் ஷீட்டில் டீசலுக்கு ஒரு வரிசை, டோலுக்கு ஒரு வரிசை, படிக்கு ஒரு வரிசை, பஞ்சருக்கு ஒன்று, லோடிங் கூலிக்கு ஒன்று, "வழிச் செலவு" என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றும் உண்டு. பனிக்காக நின்ற நேரத்துக்கு ஒரு வரிசை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்குப் படி கிடையாது, ஆகவே அது ஓட்டுநரின் சொந்த நஷ்டம். முதலாளிமார் இந்த மடலைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: டிசம்பர், ஜனவரி டிரிப்புக்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்ட்டியிடம் பேசுங்கள், அந்த நாட்களுக்கும் படி எழுதுங்கள். ரயில்வே பனிக்காலத்தில் தண்டவாளத்தில் பட்டாசு வைக்கிறது, சிக்னல் வருவதைச் சொல்லும் கருவியை என்ஜினில் வைக்கிறது, அதற்குப் பிறகும் வேகத்தை 75-க்குள் கட்டி வைத்து வண்டிகளைத் தாமதமாக ஓட்டுகிறது. விமானங்களை ரத்தே செய்கிறார்கள். யாரும் பைலட்டின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. லாரிக்காரனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னால் பேட்டையில் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் இல்லாவிட்டாலும், பின்னிரவு இரண்டிலிருந்து காலை ஒன்பதுவரை போன் போடாமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, அந்த வரிசை டிரிப் ஷீட்டில் வருவதற்குள் இன்னொரு மார்கழி போய்விடும். அதுவரை நீங்களே எழுதி வையுங்கள்: எந்த ஊர், எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எத்தனை மணிக்கு எடுத்தேன். முடிந்தால் கேபினிலிருந்து பனியை ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் நம்பருக்கு அனுப்பிவிடுங்கள், நேரம் அதிலேயே பதிந்திருக்கும். பிடித்தம் செய்ய வந்தால் ஐந்தாறு பேர் சேர்ந்து போய்க் காட்டிப் பேசுங்கள், ஒற்றை ஆளாகப் போகாதீர்கள். போன் வந்தால் இரண்டே வரி சொல்லுங்கள்: "மூடுபனி, வண்டி பங்க்குக்கு உள்ளே நிக்குது. விலகினதும் எடுக்கிறேன்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்குப்பிள்ளை